வளவு வீட்டின் ஏடுகளுக்குச் சாம்பா: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கோட்டையூரிலுள்ள எங்கள் பூர்வீக வீடு ஏழு புள்ளிகளுக்கு, அதாவது ஏழு பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவானது. முகப்பும், வீட்டின் நடுமுற்றமான வளவும் எல்லோருக்கும் உரியவை. வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்கு மட்டும் தனித்தனிச் சாவி உண்டு. அந்த வீட்டுப் பெட்டகத்தில் கிடந்த, ஐயா காலத்து இரங்கூன் கடைப் பேரேடுகளையும் ஐந்தொகை என்னும் வரவுசெலவுச் சிட்டைகளையும், இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஏடுகளையும் ஸ்கேன் செய்து, பங்காளிகள் அனைவரும் பார்க்கும்படி ஒரே இடத்தில் வைப்பதென்று முடிவானபோது, அதற்கு நான் தேர்ந்தெடுத்த மென்பொருள் சாம்பா.

லினக்ஸ் கணினியில் இருக்கும் கோப்புகளை, விண்டோஸ் கணினிகள் தம் சொந்த டிரைவைப் போலத் திறக்க வழிசெய்யும் இந்த இலவச மென்பொருளை, 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதத் தொடங்கினார். கடைகளில் விற்கும் நாஸ் (வலையமைப்பில் இணைக்கும் கோப்புச் சேமிப்பு) பெட்டிகள் பலவற்றின் உள்ளே இயங்குவதும் இதுவே. வீட்டில் சும்மா இருந்த பழைய கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவி, அதில் சாம்பாவை ஏற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதைச் சரியாக அமைக்க மூன்று வாரம் பிடித்தது.

அந்த மூன்று வாரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது அனுமதி அமைப்பு. சாம்பாவில் ஒரு கோப்பைத் தொடுவதற்கு இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும்: சாம்பாவின் அமைப்புக் கோப்பான எஸ்எம்பி.கான்ஃபில் நாம் எழுதும் விதி ஒன்று, லினக்ஸ் தன் வட்டில் வைத்திருக்கும் அனுமதி மற்றொன்று. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். என் தம்பி சேர்த்த கோப்பின் பெயரை நான் திருத்த முடிந்தது. அதன் உள்ளடக்கத்தைத் திருத்த முடியவில்லை. புதிய கோப்பில் யாருக்கு என்ன உரிமை என்று வரையறுக்கும் கிரியேட் மாஸ்க்குக்குச் சாம்பா இயல்பாகத் தரும் மதிப்பு 0744 என்பதே காரணம். அதன்படி, உருவாக்கியவரைத் தவிரக் குழுவில் உள்ள எவருக்கும் எழுதும் உரிமை கிடைக்காது. அதைக் குழுவினரும் எழுத இடம்தரும் 0664 என்றும், கோப்புறைகளுக்கான டைரக்டரி மாஸ்கை 2775 என்றும் மாற்றி, ஃபோர்ஸ் குரூப் வரியில் பங்காளிகளின் குழுவைக் குறிப்பிட்டபின் பொதுக் கோப்புறை உண்மையிலேயே பொதுவானது. தனிக் கோப்புறை ஒவ்வொன்றுக்கும் வேலிட் யூசர்ஸ் வரியில் அந்தப் புள்ளிக்குரியவர்களின் பெயரை மட்டும் எழுதினேன். வளவு பொது, அறைக்குத் தனிச் சாவி என்ற எங்கள் வீட்டு முறையைக் கணினிக்குள் இவ்வளவு துல்லியமாகக் கொண்டுவர முடிந்ததே இம்மென்பொருளின் மேல் எனக்கு மதிப்பு ஏற்பட முதற்காரணம்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வட்டில் கோப்புகளை அடுக்க லினக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 அமைப்பில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்வதாலும், ‘கி’ போன்ற உயிர்மெய் எழுத்து இரண்டு குறிகளால் ஆவதாலும், ஆங்கிலத்தில் 255 எழுத்து கொள்ளும் இடத்தில் தமிழுக்கு 85 குறிகளே கிடைக்கின்றன. கடை, ஊர், ஆண்டு, மாதம், முதலாளி பெயர் என்று விரிவாகப் பெயரிட்டிருந்த ஏடுகளை விண்டோஸ் தாராளமாக ஏற்றுக்கொண்டது. சர்வருக்கு மாற்றும்போது அவை மட்டும் நகல் ஆகாமல் நின்றன. இப்போது பெயரைச் சுருக்கி, விவரங்களைத் தனி அட்டவணைக் கோப்பில் எழுதுகிறோம்.

வேகத்தைப் பொறுத்தவரை குறை காண வேண்டிய இடம் சாம்பா அன்று. ஏ4 அளவுப் பக்கத்தை 300 டிபிஐயில் வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 26 எம்பி. நானூறு பக்கப் பேரேடு என்றால் 10 ஜிபியைத் தாண்டும். பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சில் ஒரு பேரேடு ஏறக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கிகாபிட் ஸ்விட்ச் வாங்கியபின் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது. செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவர்களை வைஃபை ஊடுருவாது என்பதால் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுவரை கேபிளே இழுத்தோம். அந்தச் செலவை யாரும் தவிர்க்க வேண்டாம்.

ஒருநாள் உறவுப் பையன் ஒருவன் 1930களின் கடிதங்கள் இருந்த கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டான். சாம்பாவின் ரீசைக்கிள் வசதியை முன்பே இயக்கியிருந்ததால் அத்தனையும் மறைகோப்புறையில் அப்படியே இருந்தன. அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயினும் அது அழித்தவற்றை மட்டுமே காக்கும். ஒரு கோப்பின் மேல் வேறொன்றை எழுதிச் சேமித்துவிட்டால் காக்காது. ஆகவே வாரம் ஒருமுறை தனி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் காரைக்குடி வீட்டில் வைக்கிறேன்.

பாதுகாப்பில் சலுகை காட்டக்கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீம்பொருள் பரவியது, கணினிகள் கோப்புகளைப் பகிரும் பழைய எஸ்எம்பி1 நெறிமுறையில் விண்டோஸிடம் இருந்த ஓட்டை வழியாக. அதே மாதம் சாம்பாவிலும் வேறொரு கடுமையான ஓட்டை கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டது. 2019இல் வந்த 4.11 பதிப்பு முதல் எஸ்எம்பி1 இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளது. எங்கள் பழைய ஜெராக்ஸ் இயந்திரம் அந்த நெறிமுறையை மட்டுமே அறியும். அதற்காக எஸ்எம்பி1ஐத் திறந்துவிட மனம் ஒப்பவில்லை, பென் டிரைவில் எடுத்து ஏற்றுகிறோம். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் பங்காளிகளுக்காக சாம்பா பயன்படுத்தும் இணைப்பு வாசலான 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறப்பதும் தவறு. அவர்கள் வயர்கார்டு என்ற பாதுகாப்பான விபிஎன் வழியாக வருகிறார்கள். ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள கோப்புறையைத் தொலைவிலிருந்து திறக்கச் சலிப்பூட்டும் நேரம் ஆகிறது. அவர்களுக்கென்று சிறிதாக்கிய பிடிஎஃப்களை ஆண்டுவாரியாகப் பிரித்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன். இப்போது முடிந்திருப்பவை இரங்கூன் கடையின் முதல் பதினோரு பேரேடுகள்.