பிரீ வெட்டிங் படம்: காசிக் கரையா, ஜார்ஜ்டவுன் தெருவா?

தம்பியின் கல்யாணத்துக்கு முன் இரண்டு ஊர்களிலும் படம் எடுத்தோம். டிசம்பர் கடைசியில் காசி, பிப்ரவரியில் மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ்டவுன். இரண்டுக்கும் கூடப் போய்ப் புடவை மடிப்பைச் சரிசெய்ததும், படகுக்காரரிடம் விலை பேசியதும் நான்தான். பினாங்கில் எங்கள் சொந்தத்திலேயே இன்னும் இரண்டு ஜோடிகள் காசிக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெளிச்சம் என்று வந்துவிட்டால் காசிக்கு நிகர் காசிதான். கங்கை அங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்குப் பார்த்தபடி வரிசையாக இருக்கின்றன. எதிர்க்கரையில் பெரும்பாலும் வெறும் மணல்தான். சூரியன் தலைகாட்டியதும் முதல் வெயில் நேராகப் படிகளில் வந்து விழுகிறது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகவே நகர்வதால் அந்த மஞ்சள் வெயில் நெடுநேரம் தங்குகிறது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர். இங்கே சூரியன் செங்குத்தாக மேலேறிவிடும். ஏழேகாலுக்கு விடிந்தால், எட்டரைக்கெல்லாம் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழத் தொடங்கிவிடும்.

ஆனால் அந்த வெளிச்சம் கைக்குக் கிடைக்க வேண்டுமே. டிசம்பர் பின்பாதியிலும் ஜனவரியிலும் கங்கைச் சமவெளியை மூடுபனி பிடித்துக்கொள்ளும். முதல் நாள் காலை, பத்தடிக்கு அப்பால் படகு தெரியவில்லை. இரண்டாம் நாள் வானம் தெளிந்திருந்தது. ஐந்தரைக்கு வருவதாகச் சொன்ன புகைப்படக்காரர் எட்டு மணிக்கு வந்தார். குளிரில் நடுங்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தில் பிறகு எந்தப் பூரிப்பை எடுப்பது? மூன்றாம் நாள்தான் எல்லாம் கூடி வந்தது. ஒரே ஒரு காலையை நம்பிக் காசிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் போகவே வேண்டாம். வெள்ளம் ஏறிக் கீழ்ப்படிகள் மூழ்கிவிடும்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜோடிகள் எல்லாரும் விரும்பிப் போகும் இடம் சேத் சிங் கட்டம் (படித்துறையை அங்கே கட்டம் என்பார்கள்). கோட்டைச் சுவர் பின்னால் நிற்க, படம் ராஜ கம்பீரமாக வரும். அங்கிருந்து கேதார கட்டத்துக்குக் கரையோடு நடந்தால் வழியில் அரிச்சந்திர கட்டம். அங்கே சிதை எரிந்துகொண்டிருக்கும். பட்டும் நகையுமாக அதைக் கடந்து போனோம். மணப்பெண் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதே அம்மா, இங்கே அது அமங்கலம் இல்லை” என்றார் கூட வந்திருந்த என் அம்மா. காசியில் இறப்பது முக்தி என்பது அவருக்குச் சிறுவயதிலிருந்தே நம்பிக்கை. அந்தப் பெண்ணுக்கு அப்படி இல்லை. அன்றைய படங்களை இப்போது பார்த்தாலும் அவள் தோளில் ஓர் இறுக்கம் தெரிகிறது. அழுகின்ற குடும்பத்துக்கு இருபதடி தள்ளி நின்று சிரிக்கச் சொல்வது எனக்கும் கூசியது. சிதை எரியும் இன்னொரு கட்டமான மணிகர்ணிகையிலும் அரிச்சந்திர கட்டத்திலும் கேமராவை உறையிலேயே வைத்திருங்கள்.

ஜார்ஜ்டவுனில் அந்தச் சுமை இல்லை. பிப்ரவரியில் மழையும் குறைவு. விடியலுக்கு டான் ஜெட்டி எங்களுக்குப் பிடித்தது. கடலுக்குள் நீளும் பலகைப் பாலத்தில் நின்றால் எதிர்க்கரையான பட்டர்வொர்த் பக்கமிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம். அது மக்கள் குடியிருக்கும் இடம். அடக்கமாகப் பேச வேண்டும். ஆர்மீனியன் தெருவில் 2012இல் சுவரில் வரைந்த சைக்கிள் ஓவியத்தை விட்டுவிடுங்கள். அங்கே வரிசையில் நின்று எடுக்கும் படம் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

வெயில் ஏறிய பிறகு கைகொடுப்பவை பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைகள். மேலே கூரை, ஒரு பக்கம் திறந்த தெரு. முகத்தில் பக்கவாட்டாக விழும் அந்த மென்மையான ஒளிக்கு ஸ்டூடியோவில் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே பதினொரு மணிவரை இலவசமாகக் கிடைத்தது. குவீன் தெருவில், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, பூக்கட்டும் அம்மா ஒருவர் தம்பியை அடையாளம் கண்டுகொண்டார். “பெண் இதுதானா தம்பி?” என்று கேட்டபடி இரண்டு முழம் மல்லிகையைக் கிள்ளி, தாமே அவள் பின்னலில் செருகிவிட்டார். அவள் தலையைக் குனிந்திருக்கிறாள், தம்பி எங்கோ பார்த்துச் சிரிக்கிறான், அந்த அம்மாவின் விரல் நுனியில் ஈர நார் ஒட்டியிருக்கிறது. கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் படம். மூன்று நாள் காசியில் அலைந்தும் இப்படி ஒன்று அமையவில்லை.

செலவைப் பேசவே தேவையில்லை. நேரடி விமானம் இல்லாத பயணம், தங்கும் இடம் என்று காசி பல மடங்கு இழுக்கும்.

ஆகவே ஜோடிப் படத்துக்கு என் ஓட்டு ஜார்ஜ்டவுனுக்குத்தான். இருவரும் நடந்து வளர்ந்த தெருவில் முகம் தானாக இளகும். காசியை நான் வேறொரு காரியத்துக்குச் சொல்வேன்: பெற்றோரைத் தனியாகப் படம் எடுக்க. அப்பாவுக்குப் பிண்டம் போட வேண்டும் என்றுதான் அம்மா எங்களோடு வந்தார். மூன்றாம் நாள், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கேதாரேசுவரர் கோயிலுக்குக் கீழே, கரை நனைந்த பருத்திப் புடவையோடு படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் இன்னும் ஓர் எள் ஒட்டியிருந்தது. வெயில் நேராக அவர் முகத்தில். கூப்பிடாமலே எடுத்தேன். இருபது வருடமாக அவர் முகத்தில் நான் பார்க்காத அமைதி அந்தப் படத்தில் இருக்கிறது.

பெரியவர்களோடு போகிறவர்கள் கேதார கட்டத்துக்கோ அனுமான் கட்டத்துக்கோ அருகில் தங்குங்கள். குமரகுருபரர் மடமும் பாரதி இளமையில் வாழ்ந்த வீடும் அந்தப் பகுதியில்தான். தமிழ் பேசுபவர்கள் கிடைப்பார்கள். படிகள் செங்குத்தானவை, காலையில் வழுக்கும். பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர், கேமராவுக்கு இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டு இறங்குங்கள்.