ஆர்க்டிக் அலுமினா தெர்மல் பசை: ஒட்டினால் ஒட்டியதுதான்

கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி சிப், மதர்போர்டில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட், ராஸ்பெர்ரி பை போர்டின் பிராசஸர். ஸ்க்ரூ போட வழியில்லாத இந்த இடங்களில் குட்டி ஹீட்சிங்கை (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டு) நிறுத்த, ஆர்க்டிக் சில்வர் நிறுவனத்தின் இந்தப் பசையைத் தாராளமாக வாங்கலாம். டெஸ்க்டாப் சிபியூவுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பிறகு கழற்றவே முடியாது.

உள்ளே 2.5 கிராம் டியூப் இரண்டு: ரெசின் (எபாக்ஸி பிசின்) ஒன்று, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒன்று. பசை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஓரத்தில் வழிந்து பக்கத்துக் கால்களில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. இதே நிறுவனத்தின் வெள்ளி கலந்த பசைக்குக் கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, உண்டு. கால்கள் நெருக்கமாக உள்ள சிப்புக்கு அலுமினாதான் என் தேர்வு.

சொதப்புவது பெரும்பாலும் கலவையில்தான். இரண்டும் சரிபாதி இருக்க வேண்டும். ஹார்டனர் குறைந்தால் பசை ரப்பர் மாதிரி நின்றுவிடும். சூடு ஏறியதும் ஹீட்சிங்க் நழுவி, ஓடிக்கொண்டிருக்கும் போர்டின் மேலேயே விழும். அந்த அலுமினியத் துண்டால் ஷார்ட் ஆகலாம். ஒரு சிப்புக்கு இதிலிருந்து ஓர் அரிசி, அதிலிருந்து ஓர் அரிசி அளவு போதும். பல்குத்தும் குச்சியால் நிறம் ஒன்றாகும்வரை கலக்குங்கள். 25 டிகிரியில் ஐந்தே நிமிடத்தில் இறுகும் பசை இது. சென்னை மே மாத வெயிலில் இன்னும் சீக்கிரம் இறுகிவிடும். எட்டு சிப் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கலக்காமல் இரண்டிரண்டாகக் கலந்து ஒட்டுங்கள்.

அதற்கு முன் ஹீட்சிங்கில் கம்பெனி ஒட்டிய டேப்பை உரித்துவிட்டு, அடிப்பாகத்தை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, சிப்பையும் அதையும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைக்க வேண்டும். பசையை மெல்லிசாகத் தடவி, வைத்து அழுத்தி, லேசாக இடவலமாகத் திருகினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். பசை தடிமனாக நின்றால் சிப்பின் சூடு ஹீட்சிங்குக்குச் சரியாக ஏறாது. எந்த எபாக்ஸியும் அலுமினியம் அளவுக்கு வெப்பம் கடத்தாது. இறுகும்வரை போர்டு படுத்தே இருக்கட்டும்.

கழற்ற நேர்ந்தால் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் திருகிப் பார்க்கலாம். மேலே இழுக்காதீர்கள், சிப், போர்டில் அது பற்றவைக்கப்பட்டிருக்கும் செப்புப் பேடோடு பிய்ந்து வரலாம். வாரண்டி உள்ள கார்டு என்றால் 3எம் 8810 என்ற வெப்பம் கடத்தும் ஒட்டு டேப்பே மேல். 0.25 மில்லிமீட்டர் தடிமனும் 0.6 W/mK வெப்பக் கடத்துதிறனும் கொண்ட அது குளிர்விப்பதில் பின்தங்கும்தான், ஆனால் உரித்து எடுக்கலாம்.

வேலை முடிந்ததும் டியூப் மூடிகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். இதன் மூடி அதில் பட்டால் டியூப் வாயிலேயே பசை இறுகி, மிச்சம் வீணாகும்.