பூஜைக் கடைக்கு இடம் பார்க்க: வட்டமா, பயண நேரமா, ஹஃப் கணக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பூஜைச் சாமான் கடை போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "சாட்ஸ்வொர்த்தா, ஃபீனிக்ஸா?" இந்தியர்கள் வாழும் இந்த இரண்டு புறநகர்களிலும் நம் ஆட்கள் நிறைய. ஆனால் லாபமும் நட்டமும் எந்தத் தெரு என்பதில்தான் இருக்கிறது. அதை வரைபடத்தில் தேட மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே தரமில்லை.

சுலபமானது வட்டம். நினைத்த இடத்தில் புள்ளி வைத்து, 3 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே இருக்கும் வீடுகளை எண்ணுவது. சுமார் 28 சதுர கிலோமீட்டர் ஒரு நொடியில் கைக்கு வரும். சமதள ஊருக்குப் பரவாயில்லை, சாட்ஸ்வொர்த்தில் ஏமாற்றும். வடக்கே உம்லதுசானா ஆறு, தெற்கே உம்லாஸ் ஆறு. இனவாரியாக மக்களைத் தனித்தனிப் பகுதிகளில் வாழவைத்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி இந்தியர்களைக் குடியேற்றிய இடம் அது. வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பின மக்களின் குடியிருப்பான உம்லாசிக்கும் நடுவில் தடுப்பாக இருக்கட்டும் என்றே திட்டமிட்டார்கள். தெற்கு ஓரத்தில் வட்டம் போட்டால் பெரிய துண்டு ஒன்று ஆற்றைத் தாண்டி உம்லாசிக்குள் விழும். அங்கிருந்து யார் கற்பூரம் வாங்க வரப்போகிறார்கள்? மனிதரைப் பிரித்து வைக்கவே போட்ட ஊரில் நேர்கோட்டுத் தூரத்தை நம்பக் கூடாது.

பயண நேர எல்லை இதைவிட எவ்வளவோ மேல். கியூஜிஐஎஸ் இலவச வரைபட மென்பொருள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் சாலைகளை வைத்து, 10 நிமிடத்தில் காரில் வரக்கூடிய பகுதியை வரைந்து தரும் துணைநிரல் அதற்கு உண்டு. நெடுஞ்சாலையை ஒட்டி நீண்டு, ஆற்றுப் பக்கம் சுருங்கி, கை கால் முளைத்த உருவமாக வரும். மினிபஸ் டாக்ஸியில் வருபவர்களை அது கணக்கில் எடுக்காது. அந்த எல்லைக்குள் எத்தனை பேர் என்று பார்க்கும் மக்கள்தொகை எண்ணிலும் கவனம் வேண்டும்: தென்னாப்பிரிக்காவின் 2022 கணக்கெடுப்பில் சுமார் 31 சதவீதம் பேர் விடுபட்டு, எண்களைச் சரிக்கட்டித்தான் வெளியிட்டார்கள். சிறு வட்டாரத்துக்கு இறங்க இறங்க நம்பிக்கை குறையும்.

எந்த எல்லைக்கோடும் பண்டிகையைக் காட்டாது. தைப்பூசக் காவடி, ஆடிக் கூழ், புரட்டாசி விரதம் இவைதான் நம் வியாபாரம். கோயில்களைத் தனிப் புள்ளிகளாகச் சேருங்கள். ஃபீனிக்ஸுக்குப் பக்கத்திலுள்ள மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று கூடும் கூட்டத்தை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

மூன்றாவது, 1960-களில் டேவிட் ஹஃப் தந்த கணக்கு. போட்டிக் கடைகளையும் சேர்த்துப் பார்ப்பது இது மட்டும்தான். கடையின் பரப்பை, பயண நேரத்தின் ஒரு அடுக்கால் (அடுக்கு 2 என்றால் 5 × 5, 3 என்றால் 5 × 5 × 5) வகுக்க வேண்டும். வரும் எண்கள் எல்லாவற்றின் கூட்டுத்தொகையில் உங்கள் எண் எவ்வளவோ, வாடிக்கையாளர்களில் அவ்வளவு பங்கு உங்களுக்கு. உங்கள் கடை 100 சதுர மீட்டர், வாடிக்கையாளர் வீட்டிலிருந்து 5 நிமிடம். போட்டிக் கடை 900 சதுர மீட்டர், 15 நிமிடம். அடுக்கு 2 என்றால் 100-ஐ 25-ஆல் வகுத்தாலும் 4, 900-ஐ 225-ஆல் வகுத்தாலும் 4: ஆளுக்குப் பாதி. அடுக்கு 3 என்றால் முக்கால் பங்கு உங்களுக்கு. 1 என்றால் கால் பங்குதான் மிஞ்சும். எந்த அடுக்கு என்பது சரக்கைப் பொறுத்தது; தினம் தீரும் பொருளுக்கு அதிகம், அலைந்து தேடி வாங்கும் பொருளுக்குக் குறைவு.

வட்டத்தை விட்டுவிடலாம். பயண நேரத்தால் இரண்டு மூன்று இடங்களாகக் குறைத்துவிட்டு, அவற்றுக்கு மட்டும் ஹஃப் போட்டால் போதும். கற்பூரம், ஊதுவத்தி, மசாலாத்தூள் என்றால் வீடுகளுக்கு நடுவே சிறு கடை தாங்கும். பித்தளை விளக்கும் பட்டும் விற்கிற எண்ணமென்றால், வாடகை கூடினாலும் டர்பன் நகர மையத்தில் இந்தியக் கடைகள் நிறைந்த பழைய கிரே தெருப் பக்கமே பாருங்கள்.