ஒண்டோல் தரையில் ஆறு குளிர்காலம்

தென்கொரியாவின் சுவோனுக்கு வந்த முதல் வருடம் விடுதி அறையில் கழிந்தது. சுவரில் மாட்டிய ஏசிதான் வெப்பக் காற்றை ஊதும். தலை கொதிக்கும், பாதம் விறைத்துக் கிடக்கும். சூடான காற்று கூரையைத் தேடித்தானே போகும்?

அடுத்த வருடம் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினேன். வெளியே மைனஸ் 12 டிகிரி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வைத்த முதல் அடியிலேயே, மத்தியான வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடியில் நடப்பது போல இருந்தது. சிமெண்டுத் தளத்துக்குள் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. பாய்லர் சூடாக்கிய தண்ணீர் அவற்றில் சுற்றி வருகிறது. கொரியர்கள் இதை ஒண்டோல் என்கிறார்கள். அந்தக் காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக் கற்களுக்கு அடியில் ஓடவிட்டுச் சூடேற்றினார்கள். இந்த வாழ்க்கை முறையை 2018-ல் கொரிய அரசு தேசிய மரபுச் சொத்தாகவே அறிவித்தது.

சத்தமில்லை, முகத்தில் அறையும் காற்றில்லை, புழுதி பறப்பதில்லை. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் பெரிய லாபம் இட்லி மாவில் கிடைத்தது. விடுதியில் ஒன்றரை நாள் வைத்தாலும் மாவு அசையாது. இங்கே சமையலறைத் தொட்டிக்குக் கீழே, எல்லா அறைகளுக்கும் குழாய்கள் பிரியும் இடத்தில், தரை மற்ற இடங்களைவிடச் சூடு. இரவு அங்கே பாத்திரத்தை வைத்தேன். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, தரையில் பாதி தோசையாகவே காய்ந்திருந்தது. இப்போது அடியில் ஒரு தட்டு வைக்கிறேன். அலமாரியில் கட்டியாக உறைந்த தேங்காய் எண்ணெயையும் அரை மணி நேரம் தரையில் வைத்தால் போதும், உருகிவிடும்.

குறைகளும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் சூடு வராது, தரை காய இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆகவே அடிக்கடி அணைத்துப் போடுவது வீண் வேலை. வெளியே போகும்போது 'வேச்சுல்' பொத்தானை அழுத்தினால் குறைந்த சூட்டில் ஓடும். மூன்றாம் வருடம் சிக்கனம் என்று முழுவதும் அணைத்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தால் பால்கனியில் குழாய் உறைந்து பாய்லர் முரண்டு பிடித்தது. பழுது பார்க்கக் கொடுத்த பணத்தில் ஒரு மாத எரிவாயுக் கட்டணத்தையே கட்டியிருக்கலாம். அறைக் காற்றும் வறண்டு போகும். இரவில் ஈரத் துண்டைத் தொங்கவிடாவிட்டால் காலையில் தொண்டை கரகரக்கும். கனத்த மெத்தையை நேரே தரையில் போட்டுப் படுக்காதீர்கள். சூடு அடியில் தேங்கி, தூக்கத்தில் தெரியாமலே தோல் சிவந்துவிடும்.

போன ஜனவரியில் அம்மா வந்திருந்தார். அவருக்காகவே கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன். முதல் இரவே கீழே இறங்கி, மெல்லிய விரிப்பில் சுவரோரம் படுத்துவிட்டார். சாப்பாடும் தரையில் சம்மணமிட்டுத்தான். "கட்டிலை எதற்குடா வாங்கினாய்?" என்று கேட்டார். அதன் மேல் இப்போது மடிக்காத துணிகள் குவிந்து கிடக்கின்றன.