நெஞ்சுக்கறிக்கு ஒரு குத்தூசி: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

நான் சிக்கன் சாண்ட்விச் போட்டால் வீட்டில் எல்லோரும் முதலில் சாஸ் பாட்டிலைத் தேடுவார்கள். கறி அவ்வளவு வறட்சி. உள்ளே வேகாமல் இருந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் ரெண்டு நிமிஷம், இன்னும் ரெண்டு நிமிஷம் என்று கல்லிலேயே விட்டுவிடுவேன். மென்றால் சக்கை. ஹோட்டல்காரர்கள் ஏதோ மசாலா ரகசியம் வைத்திருக்கிறார்கள் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். கறியில் குத்திச் சூடு பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கியது அந்தக் கடுப்பில்தான்.

பேனா நீளம், மடக்கினால் சட்டைப் பையில் அடங்கும். வந்த அன்றே ஐஸ் கட்டி நிறையப் போட்ட தண்ணீரில் விட்டுப் பார்த்தேன்: 0.4 டிகிரி. பரவாயில்லை. கொதிக்கும் நீரில் சோதிப்பதைவிட இதுவே மேல். 100 டிகிரியில் கொதிப்பதெல்லாம் கடல்மட்டத்தில்தான், உயரமான இடங்களில் தண்ணீர் முன்பே கொதித்துவிடும். எண் நிலைக்க நாலைந்து விநாடி ஆகிறது. பெட்டியில் ரெண்டு விநாடி என்று போட்டிருக்கிறார்கள், போகட்டும்.

முதல் நாளே அசடு வழிந்தேன். மேலிருந்து நேராகக் குத்தினேன், 88 காட்டியது. சந்தோஷமாக இறக்கி வெட்டினால் நடுவில் பளபளவென்று பச்சைக்கறி! முனை கறியைத் துளைத்துக்கொண்டு கல்லைத் தொட்டிருக்கிறது. சென்சார் இருப்பதே அந்த முனையில்தானே. இப்போதெல்லாம் இடுக்கியால் துண்டைத் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில், தடித்த பகுதியின் நடுவரை விடுகிறேன். ரெண்டு மூன்று இடம் பார்த்து, அதில் குறைந்த எண்ணைத்தான் நம்புவேன்.

கருவி மட்டும் இருந்தால் போதாது என்பதும் புரிந்தது. நெஞ்சுக்கறி ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் வால் மாதிரி மெலிந்தும் இருக்கும். தடித்த பக்கம் வேகும்போது மெலிந்த பக்கம் காய்ந்தே போயிருக்கும். அதனால் பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, உருட்டுக்கட்டையால் தட்டி, எல்லா இடமும் ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும்படி செய்துகொள்கிறேன். உப்புத் தடவி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். கல்லில் போடும் முன் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆவியில் வெந்து வெளுத்துக் கிடக்கும். போட்ட பக்கத்தைக் கிளறக் கூடாது. சிவந்ததும் கல்லை அதுவே விடும். திருப்பிப் போட்டு, கொஞ்சம் வெண்ணெய்.

71 காட்டியதும் இறக்கிவிடுகிறேன். தட்டில் வைத்து ஊசியை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் 72, 73 என்று தானாக ஏறி 74 வருகிறது. அமெரிக்க வேளாண்துறை கோழிக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவும் இந்த 74தான். ஏறாவிட்டால் திரும்பக் கல்லுக்கே போகும். அஞ்சு நிமிஷம் ஆறியதும் நாருக்குக் குறுக்கே மெல்லிசாகச் சீவுகிறேன். முழுத் துண்டாக வைத்தால் ஒரு கடியிலேயே மொத்தக் கறியும் ரொட்டியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும்.

இனி குறைகள். எனக்கு இடது கை. நான் பிடித்தால் எண்கள் தலைகீழாகத் தெரிகின்றன. 69ஐப் பார்த்துவிட்டு நேரா தலைகீழா என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தரம் குத்திய பிறகும் ஊசியைச் சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும், ஆனால் தண்ணீர் உள்ளே போனால் கருவி அவ்வளவுதான் என்பதால் குழாயடியில் காட்ட முடியாது. ஊசியை மட்டும் துடைத்துத் துடைத்து எடுப்பது எரிச்சல்.

பேட்டரி மாற்றினால் செல்சியஸ் மறந்து ஃபாரன்ஹீட்டுக்குப் போய்விடுகிறது. அதை மாற்றும் பொத்தானோ பேட்டரி மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. போன வாரம் அடுப்பைத் தணித்தே வைத்திருந்தும் 160 என்று காட்டியது, எனக்குப் பகீர் என்றது. கணக்குப் போட்டால், சரியாக இறக்க வேண்டிய நேரம்.