தவறான உபதேசம்: மறுப்பா, ஞானோபதேசமா?

இரட்சிப்பைப் பற்றிய தவறான போதனையிலிருந்து சபையைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தவறைப் பெயர் சொல்லி மறுப்பது. மற்றது, சரியானதைச் சின்ன வயதிலேயே கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுத்து மனதில் பதிய வைப்பது; அதுதான் ஞானோபதேசம்.

மறுப்புக்கு ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி பெலாகியுஸின் விவகாரத்தைப் பார்க்கலாம். மனிதன் தன் சுயசித்தத்தாலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்று அவர் போதித்தார். ஒழுக்கமாக வாழச் சொல்வதில் என்ன தப்பு என்று தோன்றும். ஆனால் அது முடியும் என்றால் கிறிஸ்து எதற்காக மரித்தார்? வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் விடாமல் எதிர்த்து எழுதினார். 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் அந்தப் போதனையைக் கண்டித்தது. அத்தோடு முடிந்ததா? இல்லை. முதல் அடியை மனிதனே எடுத்து வைக்கிறான், அப்புறம்தான் கிருபை என்று அது உருமாறித் தெற்கு பிரான்சில் தலைகாட்டியது. 529-ல் ஆரஞ்சு நகரச் சங்கம் அதையும் மறுக்க வேண்டியிருந்தது.

ஞானோபதேசம் வேறு மாதிரி. 1529-ல் ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் வீட்டில் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கானது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அதைத் தமிழாக்கினார். கேள்வி, பதில், அவ்வளவுதான். அர்த்தம் புரியாமல் வெறுமனே ஒப்பித்தால் பயனில்லை என்பது உண்மை.

இருந்தாலும் நான் இதையே முதலில் வைப்பேன். மறுப்பு, தவறு வந்த பிறகுதான் வருகிறது. அதற்குள் எத்தனையோ பேர் தடுமாறிவிடுகிறார்கள். "விசுவாசம் போதாது, இதையும் செய்" என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லும்போது பக்கத்தில் போதகர் இருக்கமாட்டார். ஆனால் இரட்சிப்பு கிரியைகளினால் அல்ல, கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு என்று சொல்லும் எபேசியர் 2:8-9 மனப்பாடமாக இருக்கும்.