பேரிடரில் இறந்தோரை அடையாளம் காணும் பயிற்சி: பிரிக்பீல்ட்ஸ் இரண்டு நாள் வகுப்பு பற்றி ஒரு மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையம், பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காணும் பணியைத் தொண்டூழியர்களுக்கு அறிமுகம் செய்யும் இரண்டு நாள் வகுப்பை நடத்துகிறது. சென்ற மாதம் அதில் கலந்துகொண்டேன். கட்டணம் 320 ரிங்கிட். கையேடும் இரண்டு நாள் மதிய உணவும் அதில் அடக்கம். முதலுதவிப் படையினர், கோயில் தொண்டர்கள், ஈமச்சடங்கு நிறுவனப் பணியாளர்கள், தாதியர் என 26 பேர் வந்திருந்தோம். நிலையத்தின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. இப்படிப்பட்ட வகுப்புக்கு ஆள் அனுப்ப நினைக்கும் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் பணம் கட்டுவதற்கு முன் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

நான் பினாங்கில் பயிற்சி பெற்று, சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பள்ளிப் பல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வாயைப் பார்த்து அட்டைகளில் குறித்து வைத்தவள் என்பதால், இந்தப் பணியில் பற்களுக்கு எவ்வளவு இடம் தருகிறார்கள் என்று பார்க்கும் ஆவலோடுதான் போனேன். என் மதிப்பீட்டில் அந்தச் சாய்வு இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் காலை, இன்டர்போல் வழிகாட்டி வகுத்துள்ள நான்கு கட்டங்களைப் பயிற்றுநர் விளக்கினார்: நிகழ்விடத்தில் உடல்களை மீட்டுப் பதிவது, பிணவறையில் ஆராய்வது, குடும்பங்களிடமிருந்து இறப்புக்கு முந்தைய விவரங்களைத் திரட்டுவது, கடைசியாக இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்வது. பிணவறையில் காண்பவை இளஞ்சிவப்புப் படிவத்திலும், குடும்பத்தார் சொல்பவை மஞ்சள் படிவத்திலும் ஏறுகின்றன. ஒருவரை உறுதியாக அடையாளம் காட்டும் முதன்மைச் சான்றுகள் கைரேகை, பற்கள், மரபணு ஆகிய மூன்றும்தான்; உடை, நகை, மச்சம், பச்சைக் குத்து, அறுவைத் தழும்பு ஆகியவை துணை நிற்பவை. ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரியான பயிற்றுநர் இதைப் பதற்றமில்லாமல், மேசைமேல் இரண்டு நிறத் தாள்களையும் பக்கம்பக்கமாக வைத்துக் காட்டினார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கட்டணத்தில் பாதியைத் தரலாம்.

மதியம் கார் நிறுத்துமிடத்தில் துணிப் பொம்மைகளைப் பரப்பி, கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, எண் அட்டை வைத்துப் படமெடுக்கும் பயிற்சி நடந்தது. ஓர் உடலுக்கோ உடற்பகுதிக்கோ கொடுத்த எண்ணை வேறு எதற்கும் தரக்கூடாது. அருகருகே கிடப்பதாலேயே இரண்டு பகுதிகளை ஒருவருடையவை என்று நினைத்து ஒரே பையில் போடக்கூடாது. இந்த இரண்டு விதிகளும் மனத்தில் பதிந்தன. மற்றபடி அது தொண்டூழியர்களுக்குத் தேவைக்கு மீறிய பகுதி. மலேசியாவில் நிகழ்விடம் காவல்துறையின் பொறுப்பு. உடற்கூறாய்வு அரசு மருத்துவமனைகளின் தடயவியல் மருத்துவர்களுடையது. இரண்டு நாள் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மஞ்சள் நாடாவைத் தாண்டிப் போகலாம் என்று என் குழுவிலிருந்த இரண்டு இளைஞர்கள் உண்மையிலேயே நம்பினார்கள். அதைப் பயிற்றுநர் முதல் நாளே அழுத்தமாக மறுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள்தான் இந்த வகுப்பின் உயிர். பெயர்ப் பட்டியல் உள்ள பேரிடருக்கும் இல்லாத பேரிடருக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொடங்கினார்கள். 2014 ஜூலை 17 அன்று மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம் உக்ரேன் வானில் வீழ்த்தப்பட்டபோது அதில் இருந்தவர்கள் 298 பேர் என்பதும், அவர்களில் 43 பேர் மலேசியர்கள் என்பதும் பயணிகள் பட்டியலிலிருந்து தெரிந்தது. அப்படித் தெரிந்திருந்தும், முதல் 20 மலேசியர்களின் உடல்கள் தாயகம் வந்து சேர்ந்தது ஆகஸ்டு 22 அன்றுதான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வந்தபோதோ பினாங்குக் கடற்கரையில் யார் யார் இருந்தார்கள் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் ஏதேனும் நேர்ந்தால் நம் நிலைமையும் அதுதான் என்று பயிற்றுநர் சொன்னபோது அறை அமைதியானது. ஒவ்வோர் ஆண்டும் அங்கே தண்ணீர்ப் பந்தல் போடுபவர்கள் எங்களில் பலர்.

அதே ஆழிப்பேரலைக்குப் பின் தாய்லாந்தில் நடந்ததை விளக்கிய பகுதி இன்னும் பயனுள்ளது. தொடக்க மாதங்களில் அங்கே அடையாளம் உறுதியானவர்களில் பெரும்பாலோர் பல் பதிவுகளால் அறியப்பட்டார்கள். சொந்த ஊர்ப் பல் மருத்துவரிடம் ஒழுங்கான பதிவு வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விரைவில் வீடு திரும்ப, பதிவில்லாத உள்ளூர் மக்கள் பலரின் குடும்பங்கள் நெடுநாள் காத்திருந்தன. கடல் எல்லாரையும் ஒரே நாளில்தான் கொண்டுபோனது. அவர்கள் வீடு திரும்பிய நாளை எங்கோ ஓர் அலமாரியில் இருந்த அட்டை தீர்மானித்தது. பல் எனாமல் உடலிலேயே கடினமான பொருள் என்பதும், நீருக்கும் ஓரளவு நெருப்புக்கும் அது தாக்குப்பிடிக்கும் என்பதும் எனக்குப் பழைய பாடம். ஆனால் நான் எழுதிய அட்டைகளை இந்தக் கோணத்தில் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

இங்கேதான் வகுப்பின் பெரிய குறையும் இருக்கிறது. மலேசியர்களுக்குக் கைரேகை பெரும்பலம்: 12 வயதில் மைகார்டு என்னும் அடையாள அட்டை எடுக்கும்போதே பெருவிரல் ரேகை பதிவாகிவிடுகிறது. ஆனால் சிறுபிள்ளைகளின் மைகிட் அட்டையில் ரேகை இல்லை. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தபோது அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பற்களும் பெற்றோரின் மரபணுவும்தான் துணை என்னும்போது, இந்தப் பகுதிக்கு அரை நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். கிடைத்தது பத்து நிமிடம். ஆறு வயதை ஒட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லும், பன்னிரண்டை ஒட்டி இரண்டாவதும் முளைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் பால்பற்களும் நிரந்தரப் பற்களும் கலந்திருக்கும் நிலையை வைத்தே ஒரு பிள்ளையின் வயதைப் பெரியவர்களைவிட நெருக்கமாகக் கணிக்க முடியும். பள்ளிக்கு வரும் அரசுப் பல் சிகிச்சைக் குழு அந்த நிலையைப் பதிந்து வைக்கிறது. இவை எதுவும் கையேட்டில் இல்லை. நான் எழுந்து சொன்னபோது பயிற்றுநர் இடம் கொடுத்துக் கேட்டார் என்பதையும், வெண்பலகையில் பல் எண்களை என்னையே எழுதச் சொன்னார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ‘கீழ்த்தாடைப் பின்பல் அடைக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கும் கிளினிக் அட்டை எதற்கும் உதவாது, பன்னாட்டுப் பல் எண் முறைப்படி ‘36’ என்று எழுதினால் உலகின் எந்தப் பிணவறையிலும் அது கீழ்த்தாடை இடப்பக்க முதல் கடைவாய்ப் பல் என்று புரியும் என்பதை அப்போதுதான் பலரும் குறித்துக்கொண்டார்கள்.

மஞ்சள் படிவத்தை நிரப்பும் நேர்காணல் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் தந்தார்கள். ஒருவர் காணாமற்போனவரின் தாயாக அமர, இன்னொருவர் கேட்கிறார். கேள்விகள் முழுவதும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. செந்தூலிலோ கிள்ளானிலோ அழுதுகொண்டிருக்கும் ஒரு பாட்டியிடம் அந்த வாக்கியங்களைக் கொண்டுபோய் வைக்க முடியாது. மூக்குத்தி எந்தப் பக்கம், காதில் எத்தனை துளை, தாலி எந்த வடிவம், மெட்டி இரண்டு காலிலுமா, கையில் குலதெய்வக் கயிறு உண்டா என்று தமிழ்க் குடும்பத்திடம் கேட்க வேண்டியவை தனி. பெயரும் அப்படியே. பயிற்சிக்கென்று புனைந்த பட்டியலில் இரண்டு லெட்சுமிகள் இருந்தார்கள்; எழுத்துக்கூட்டல் வேறு, தகப்பனார் பெயர் ஏறத்தாழ ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர்களோ முற்றிலும் வேறு. எங்கள் மேசை இருவரையும் ஒருவராக்கிவிட்டது. மைகார்டின் 12 இலக்க எண்ணை முதல் கேள்வியாக வைத்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது.

மரபணு மாதிரி பற்றிய பக்கத்தில் ‘நெருங்கிய உறவினர்’ என்று பொதுப்படையாக எழுதியிருப்பது போதாது. பெற்றோர் அல்லது பெற்ற பிள்ளைகளின் மாதிரியே சிறந்தது. உடன்பிறந்தோருடையது அதற்கு அடுத்தபடி. கணவன் மனைவிக்கிடையே ஒப்பிட ஒன்றுமில்லை. இறந்தவர் மட்டும் பயன்படுத்திய பல்துலக்கியோ சீப்போ நேரடி ஒப்பீட்டுக்கு உதவும். தத்துப் பிள்ளை என்ற செய்தியைக் குடும்பம் மறைத்து வைத்திருக்கலாம் என்பதால் அந்தக் கேள்வியைத் தாயிடமோ தகப்பனிடமோ தனியாக, மற்றவர் இல்லாத அறையில் கேட்க வேண்டும் என்று ஓர் ஈமச்சடங்குப் பணியாளர் தம் அனுபவத்திலிருந்து சொன்னார். கையேட்டில் சேர்க்க வேண்டிய வரி அது.

தகனம் பற்றி வகுப்பு பேசிய விதத்தை மனமாரப் பாராட்டுகிறேன். உடலை அன்றே எடுத்துவிட வேண்டும் என்ற பரபரப்பு நம் வீடுகளில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வெயிலிலும் நீரிலும் கிடந்த முகம் மாறிவிடும். துயரத்தில் இருப்பவர் ‘ஆமாம், இவன்தான்’ என்று சொல்லிவிடுவார். தவறாக அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுத்தாவது திருத்தலாம், எரித்ததைத் திருத்த வழியே இல்லை. பேரிடரில் காயத்தால் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்துக்குப் பெரும்பாலும் ஆதாரமில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட கையேடு சொல்வதையும், அடையாளம் தெரியாத உடலைத் தகனம் செய்யக்கூடாது என்று அதே கையேடு வலியுறுத்துவதையும் எடுத்துக்காட்டி, காத்திருக்கச் சொல்வதற்கான காரணத்தைப் பயிற்றுநர் குடும்பத்தாருக்குப் புரியும் மொழியில் சொல்லிக் காட்டினார். ஆலய நிர்வாகத்தார் இந்தப் பகுதிக்காவது வந்து அமர வேண்டும்.

வீட்டளவிலான முன்னேற்பாடு பற்றி இரண்டு பக்கம் மட்டுமே இருந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதையும், 2025 ஏப்ரல் 1 அன்று புத்ரா ஹைட்ஸ் எரிவாயுக் குழாய்த் தீயில் வீடுகள் எரிந்ததையும் கண்ட ஊரில், அடையாள ஆவணங்களின் நகலை வீட்டுக்கு வெளியே இன்னோர் இடத்திலும் வைப்பது எப்படி என்று விரிவாகப் பேசியிருக்கலாம். மன உளைச்சல் பற்றிய அமர்வும் மேலோட்டமானது.

வசதிகளைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. சைவ உணவு முன்கூட்டிச் சொன்னால் தனியாக வரும். மேல்மாடி அறை என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் மின்தூக்கி வேலை செய்கிறதா என்று கேட்டுவிட்டு வருவது நல்லது.

நிகழ்விடத்தில் இறங்கி வேலை செய்யும் கனவோடு வருபவர்களுக்கு இந்த வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிளினிக் உதவியாளர்கள், பள்ளி அலுவலகத்தார், ஈமச்சடங்குப் பணியாளர்கள், ஆலயத் தொண்டர்கள் ஆகியோர் இரண்டாம் நாளுக்காகத் தயங்காமல் வரலாம். தமிழில் மஞ்சள் படிவக் கேள்விகளையும் பிள்ளைகளின் பற்களுக்கு ஒரு தனி அமர்வையும் சேர்க்கும்படி நிலையத்துக்கு எழுதியிருக்கிறேன். பல் பகுதியைக் கட்டணமின்றி நானே வந்து நடத்தித் தருவதாகவும் குறிப்பிட்டிருக்கிறேன். பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்து, கேள்விகளின் தமிழ் வரைவை அனுப்பச் சொன்னார். முதல் கேள்வியாக மைகார்டு எண்ணையும், இரண்டாவதாக வீட்டில் கூப்பிடும் பெயரையும் வைத்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.